திராட்சை மேல் போட்ட பழி

எனக்கு நாற்பத்தொரு வயது. ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. உடம்பை ஏற்ற வேண்டும் என்று சின்னமனூரில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். மறுநாள் எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவு சதை வளர்கிறது என்று உறுதியாக நம்பியிருந்தேன்.

அறுவடை வந்ததால் மூன்று வாரம் போக முடியவில்லை. விட்டதையெல்லாம் ஒரே நாளில் பிடித்துவிட நினைத்து, திரும்பப் போன அன்றே தோளில் எடையோடு இருநூறு முறை உட்கார்ந்து எழுந்தேன். மறுநாள் படி இறங்க முடியவில்லை. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான்.

அதற்கும் அடுத்த நாள் சிறுநீர் பால் ஊற்றாத கட்டஞ்சாயா நிறத்தில் போனது. பயந்துபோனேன். தோட்டத்தில் கறுப்புத் திராட்சையாகத் தின்றதன் சாயம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, மனைவியிடமும் அப்படியே சொன்னேன்.

"கூட உக்காந்து நானுந்தான தின்னேன். எனக்கு அப்படிப் போகலையே," என்றாள்.

அன்றைக்கே தேனி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டு, ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "தொடைச் சதை சிதைஞ்சு ரத்தத்துல கலந்திருக்கு, அதுதான் சிறுநீர்ல கலரா போகுது. வளருதுன்னு நீங்க நெனச்சது இதத்தான். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்," என்றார்.

நான்கு நாள் குளுக்கோஸ் ஏறியது. ஒவ்வொரு தடவையும் கழிப்பறை வாசலில் நின்று, "இப்ப என்ன கலரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள் மனைவி.

இப்போதும் ஜிம்முக்குப் போகிறேன். இடையில் விட்டுப்போனால் பாதி எடையில்தான் தொடங்குகிறேன். வலித்தால் அன்றைக்கு ஓய்வு. ஆனால் இன்றுவரை, ஒரு நொடி குனிந்து பார்க்காமல் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றியதில்லை.