அண்ணன் மகளா, அக்கா மகளா

கிரேக்கக் கதைகளில் டைட்டன்கள் என்று ஒரு பழைய தேவர் கூட்டம் இருக்கிறது. அவர்களில் ஒருவனுடைய குடும்பத்தைப் பற்றியும் அவன் செய்த வேலையைப் பற்றியும் என் மகன் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். கணினி வழியாக, வெளிநாட்டில் இருக்கும் ஓர் ஆசிரியைக்கு முன்னால். ஒழுங்காகப் பேசினால் தாய்லாந்தில் ஒரு கல்லூரியில் இடம். இருபது வயதுப் பையனை யாங்கோனில் வைத்திருக்கும் தாய்க்கு அது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிறார்கள்.

சரி, யாரைப் பற்றியாவது பேசித் தொலைக்கட்டும் என்றால், அவன் தேர்ந்தெடுத்தது யாரை? பெற்ற பிள்ளைகளையே விழுங்கிய குரோனஸை எடுத்திருக்கலாம். பேசுவதற்கு ஏதாவது இருக்கும். இவன் எடுத்தது குரோனஸின் அண்ணன் இயாபெட்டஸை.

"அவரு என்னடா செஞ்சாரு?"

"பெருசா ஒண்ணும் தெரியாது அமே. அதான் எடுத்தேன்."

இங்கே பிள்ளைகள் பெரும்பாலும் பர்மிய வழக்கப்படி அமே என்றுதான் அம்மாவைக் கூப்பிடுகிறார்கள்.

"ஒண்ணும் தெரியாத ஆளப் பத்திப் பத்து நிமிஷம் பேசப் போறியா?"

"எல்லாரும் குரோனஸத்தான் எடுப்பாங்க. டீச்சருக்கு போரடிச்சிருக்கும்."

டீச்சரின் அலுப்பைப் பற்றி இவனுக்கு அவ்வளவு கவலை.

போன மாதம் ஒரு மாலை முட்டை வாங்கப் போனவனை ரயில் பாலத்துக்குக் கீழே பட்டாளத்துக்காரர்கள் நிறுத்தினார்கள். கைபேசியை வாங்கிப் பார்த்து, பெயர் ஊர் கேட்டு, வெகுநேரம் சுவரோரம் உட்கார வைத்து, பிறகு போ என்று விட்டுவிட்டார்கள். வேறொன்றும் நடக்கவில்லை. முட்டைகூட உடையவில்லை. வந்ததும் தோசை கேட்டான். நான்தான் இன்னும் அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறேன். படியில் புதுச் செருப்புச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் கதவிடுக்கில் பார்க்கிறேன். அன்றிலிருந்து எங்கள் நாலாவது மாடி வீட்டின் இரும்புக் கதவுக்குப் பூட்டு போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வீட்டுக்குள்ளேயே கிடக்கிறானே, படிப்பான் என்று நினைத்தேன். தூங்கினான். பேச்சோடு ஒரு வம்சப் படமும் காட்ட வேண்டுமாம். "வரையறேன் அமே, வரையறேன்" என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தினான். பொறுக்காமல், பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு நானே வரைய உட்கார்ந்தேன்.

வானம் அப்பா, பூமி அம்மா. பன்னிரண்டு பிள்ளைகள், பாதி ஆண், பாதி பெண். அவர்களுக்குள்ளேயே அண்ணனும் தங்கையுமாகக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். உலகத்தில் அப்போது வேறு ஆளில்லை என்று அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மூத்தவன் ஓசியானஸ், உடன்பிறந்த டெத்திஸைக் கட்டுகிறான். அவர்கள் மகள் கிளிமினி. அந்தக் கிளிமினியை இயாபெட்டஸ் கட்டுகிறான். அங்கே என் பேனா நின்றுவிட்டது.

அண்ணன் மகள் என்றால் தனக்கும் மகள்தான். அக்கா மகள் என்றால் முறைப்பெண். இந்தப் பெண்ணோ இரண்டுமாக இருக்கிறாள். நான் அத்தை மகனைக் கட்டியவள். முறை பார்க்காத ஒரு கல்யாணத்தைக்கூட எங்கள் பக்கம் பார்த்ததில்லை. தப்பாக எழுதிவைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். டெத்திஸை இயாபெட்டஸுக்கு அக்காளாக வைத்துக்கொண்டேன். அவள் வயதை யாரும் எழுதிவைக்கவில்லை. ஓசியானஸை அந்த வீட்டிலிருந்து எடுத்து, வெளியிலிருந்து வந்த மாப்பிள்ளையாகத் தாளின் ஓரத்தில் நிறுத்தினேன். படம் பார்க்க இப்போது கண்ணியமாக இருந்தது.

லைங் தாயாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கும் என் கணவர் வேலை முடிந்து வந்து படத்தைப் பார்த்தார்.

"ஓசியானஸ்னா கடல் இல்ல? அவ்வளவு பெரிய ஆள வீட்டோட மாப்பிள்ளையாக்கிட்டியா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குங்க."

"கிரேக்கத்து மாப்பிள்ளைக்கு நீ எதுக்கு முறை பாக்குற? பொண்ணு குடுக்கப் போறியா?"

இவருக்கு எல்லாமே சிரிப்பு. பையனும் படுத்தபடியே சிரித்தான்.

அடுத்து இயாபெட்டஸின் பிள்ளைகள். நான்கு பையன்கள். அட்லஸ் வானத்தைத் தோளில் சுமந்து நிற்கிறான், தண்டனையாக. இன்னொருவன் இடி விழுந்து போனான். புரோமிதியஸ் நெருப்பைத் திருடி மனிதர்களுக்குக் கொடுத்ததற்காகப் பாறையில் கட்டிப்போடப்பட்டான். தினமும் ஒரு கழுகு வந்து ஈரலைத் தின்கிறது. கடைசிப் பையன் எதையும் யோசிக்காமல், உலகத்துத் துன்பமெல்லாம் அடைத்த ஜாடியோடு வந்த பெண்ணை வீட்டுக்குள் விட்டவன். நான்கில் ஒன்றாவது உருப்பட்டதா?

"அப்பன் எங்க போயிருந்தான்?" என்று கேட்டேன்.

"உள்ள போட்டுட்டாங்க அமே. சண்டையில தோத்ததும் பாதாளத்துல தள்ளி, வெங்கலக் கதவு போட்டு மூடிட்டாங்க."

சொல்லிவிட்டு எங்கள் இரும்புக் கதவைப் பார்த்தான். நான் பார்க்காததுபோல் இருந்துகொண்டேன்.

"சரி, அவரோட வேலைதான் என்ன?"

"முன்னாடி, அவங்க அப்பா வானம் இருக்காருல்ல, அவர வெட்டறதுக்கு நாலு அண்ணன் தம்பிங்க நாலு மூலையில பிடிச்சிக்கிட்டாங்கன்னு சில பேரு சொல்றாங்க. இவரு மேற்கு மூலை."

"பிடிச்சிக்கிட்டு நின்னதுதான் வேலையா?"

"அவ்வளவுதான்."

பேச வேண்டிய நாள் காலையில் மின்சாரம் வருகிற முறை எங்கள் தெருவுக்கு. வரவில்லை. மின்சாரம் இல்லாத நேரத்துக்கென்று வைத்திருந்த பாட்டரியும் படுத்துவிட்டது. நான் அதில் சோறு வேகவைத்ததால்தான் என்கிறான். கொஞ்சம் அரிசிதான் போட்டேன். வீட்டுக்குள் கைபேசிக்கும் லைன் ஒழுங்காகக் கிடைக்காது. ஜெனரேட்டரும் நல்ல லைனும் இருப்பது தெருக்கோடி டீக்கடையில்தான். பையன் சட்டை மாற்றி, பையை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றான்.

"நாளைக்கு வெச்சிக்கலாம்னு டீச்சருக்கு எழுதிப் போடு."

"ரெண்டு தடவ மீ இல்லைன்னு தள்ளிப் போட்டாச்சு. இனிமே குடுக்க மாட்டாங்க." மின்சாரத்துக்கு அவன் வாயில் மீ என்றுதான் வரும்.

"ஜன்னல் பக்கம் போய்ப் பாரேன், லைன் வருதான்னு."

"பாத்துட்டேன். அமே, சாவி."

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். உப்பைக் கேட்பதுபோல் கேட்டான். திறந்தேன். திறந்துவிட்டு நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"நீங்க எதுக்கு?"

"டீ குடிக்க."

அவன் சுவரோரம் உட்கார்ந்தான். நான் அடுத்த மேசையில், தெருவைப் பார்க்கிற பக்கம். டீ ஆறிப்போனது. தெருவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. முதலில் திக்கினான், பிறகு ஓடினான். காலண்டர் தாளைக் கேமராவுக்குக் காட்டினான். நான் செய்த திருத்தத்தை எடுத்துவிட்டு வேறு வரைந்திருப்பான் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியே கொண்டுவந்திருக்கிறான், சோம்பேறி.

ஓசியானஸும் அதே வீட்டுப் பிள்ளைதானே, ஏன் வெளியே நிற்கிறார் என்று ஆசிரியை கேட்டாள். ஒலிபெருக்கியில் கடைக்கே கேட்டது. அவன் என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான்.

"தப்புதான், அவரும் அண்ணன்தான். படம் என் அம்மா வரைந்தது" என்று ஆங்கிலத்தில் சொன்னான். "எங்கள் வழக்கத்தில் அண்ணன் மகளைக் கட்டக் கூடாது. அக்கா மகளைக் கட்டலாம். அதனால் அம்மா அவரை வெளியே அனுப்பிவிட்டார்."

ஆசிரியை சிரித்துவிட்டாள். அப்படியானால் குரோனஸின் மகன் ஜீயஸ் இயாபெட்டஸை எப்படிக் கூப்பிடுவான் என்று கேட்டாள். "பெரியப்பா" என்றான், தமிழிலேயே. வீட்டில் யாரையும் முறை சொல்லிக் கூப்பிடாதவன், அங்கே உட்கார்ந்து முழு வம்சத்துக்கும் முறை சொன்னான். கடைசியில் அவள் இயாபெட்டஸின் வேலையைக் கேட்டாள்.

"பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவரைப் பூட்டி வைத்தார்கள். மற்றபடி அவர் நான்கு பேருக்கு அப்பா, அவ்வளவுதான். அவர் வெளியே இருந்திருந்தாலும் பிள்ளைகளுக்கு அதேதான் நடந்திருக்கும். கூட இருந்து சத்தம் போட்டிருப்பார்."

யாரை நினைத்துச் சொன்னான் என்று அந்தக் கடைப் பூனைக்குக்கூடத் தெரியும்.

திரும்பி வரும்போது, முட்டை வாங்கிவருகிறேன், நீங்கள் மேலே போங்கள் என்றான். வேண்டாம் என்று வாய் வரை வந்தது. சரி, போ என்றேன். மேலே போகவில்லை. படியடியிலேயே, வருகிற போகிறவர்களுக்கு இடைஞ்சலாக நின்றுகொண்டிருந்தேன். ஒரு ரயில் போனது. இன்னொன்றும் போனது. பிறகு கையை வீசிக்கொண்டு வந்தான்.

"முட்டை எங்கடா?"

"கடை மூடிக் கெடக்கு. பாலம் வரைக்கும் போனேன். அங்க யாரும் இல்ல அமே."

அதைப் பார்ப்பதற்காகவே போய்வந்திருக்கிறான். நடுத்தெருவில் என்னால் முடிந்த அளவு திட்டினேன். கேட்டுக்கொண்டே மூட்டை தூக்குகிறவன்போல் மெதுவாக எனக்கு முன்னால் படியேறினான்.

அந்த வாரமே பதில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. போவதற்கான காகிதங்கள் இன்னும் கைக்கு வரவில்லை. வரும்வரை வராது என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறேன். நல்ல சட்டைகளை எடுத்துவை என்றால் "வெக்கறேன் அமே" என்று படுத்துக்கிடக்கிறான். இரும்புக் கதவில் பூட்டு அப்படியேதான் இருக்கிறது. சாவியை மட்டும் இடுப்பிலிருந்து எடுத்துக் கதவோரத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். வெளியே போய் வந்தால் அதைத் திரும்ப ஆணியில் மாட்டு என்று எத்தனை தடவை சொன்னாலும் அவன் மாட்டுவதே இல்லை.