படையெடுத்து வந்தவர்களின் வழக்கம்

பூமியைப் பிடிக்க வரும் வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றித் தொடர்கதை எழுதினேன். அவர்களுக்கென்று ஒரு நம்பிக்கை வேண்டியிருந்தது. மண்டையை உடைத்துக்கொண்டும் எதுவும் தோன்றவில்லை. ஜமுனாமரத்தூர் சந்தையில் பலாப்பழம் விற்கும் ஒரு அம்மா, பழம் அறுக்கும் முன் மரத்தைத் தொட்டு, "ஒண்ணு எடுத்துக்கட்டா?" என்று கேட்பதாக ஒருமுறை சொல்லியிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை எடுத்துக்கொண்டேன். என் கதையில் வேற்றுக்கிரகவாசிகள் ஒவ்வொரு ஊரையும் கொளுத்தும் முன் மண்ணைத் தொட்டு அதையே கேட்டார்கள். அந்த இடத்தைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள், வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

போன வாரம் சந்தையில், "எம் பொண்ணு உங்க கதைய படிச்சுக் காட்டுச்சுங்க," என்றார் அந்த அம்மா. அவருக்குக் கோபமே இல்லை, குழப்பம்தான். நல்ல பழமாகத் தட்டிப் பார்த்து எடுத்துவைத்தபடி கேட்டார்:

"கேட்டுட்டு எடுக்கிறவங்க எப்பிடிங்க ஊரக் கொளுத்துவாங்க?"