குளிரில் மட்டும் வரும் கோடுகள்

புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பதும் பிழை பார்ப்பதும் என் வேலை. பதிப்பகம் சென்னையில் இருக்கிறது, நான் ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடையில் இருக்கிறேன். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது ஒரு லேப்டாப். போன மார்கழியில் அதன் ஸ்கிரீன் மக்கர் செய்ய ஆரம்பித்தது.

காலையில் திறந்தால் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் நிற்கும். வெயில் ஏறி வீடு கொஞ்சம் சூடானதும் ஒவ்வொன்றாக மறைந்து, மதியத்துக்குள் ஸ்கிரீன் துடைத்துவிட்டது போல ஆகிவிடும். சாயங்காலம் பனி இறங்கினால் மறுபடி வரும். இந்தக் குளிர் மனுஷருக்கே ஒத்துக்கொள்வதில்லை, பாவம் அது என்ன செய்யும் என்று சில நாள் விட்டுவிட்டேன்.

அப்போது கையில் இருந்தது ஒரு சமையல் புத்தகம். 'பூண்டு நாலு பல்' என்ற வரியில் ஒரு கோடு சரியாக 'ப'வுக்குப் பக்கத்தில் விழுந்து துணைக்கால் மாதிரி நின்றது. தூக்கக் கண்ணில் அதை 'நாலு பால்' என்று படித்துவிட்டு, "நாலு டம்ளர் பாலா, நாலு லிட்டரா? ஆசிரியரிடம் கேட்கவும்" என்று ஓரத்தில் குறிப்பெழுதி அனுப்பிவிட்டேன். பதிப்பாளர் போனில் சிரித்து முடிக்கவே நேரம் பிடித்தது. அன்றைக்குத்தான் வாரண்டி ஞாபகம் வந்து பில்லைத் தேடி எடுத்தேன். முடிய மூன்று நாள்தான் இருந்தது.

கம்பெனியின் சேவை எண்ணில் பேசிய பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கே ஆள் வருவாராம்.

"வீட்டுக்குப் பக்கத்துல லேண்ட்மார்க் சொல்லுங்க மேடம்."

"காபித் தோட்டம்."

"அதுக்குப் பக்கத்துல?"

"அதுவும் காபித் தோட்டந்தாங்க."

இரண்டு நாள் கழித்துச் சேலத்திலிருந்து மெக்கானிக் ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். புது ஸ்கிரீன் இருந்த பெட்டியைத் துண்டால் வயிற்றோடு சேர்த்து, கைக்குழந்தையைக் கட்டுவது போலக் கட்டிக்கொண்டு பைக்கில் மலையேறியிருந்தார். எல்லாம் சரி, வந்து சேர்ந்தது நல்ல உச்சி வெயிலில். லேப்டாப்பைத் திறந்தார். ஒரு கோடு கிடையாது.

"ஏனுங்க, நல்லாத்தான இருக்குது?" என்றார்.

காலையிலும் சாயங்காலமும்தான் வரும் என்று சொல்லி, என் போனில் எடுத்து வைத்திருந்த படங்களைக் காட்டினேன். அவர் சங்கடத்தோடு தலையாட்டினார். "நான் நம்புறனுங்க. ஆனா என் போன்ல, நானே, இப்ப எடுத்து ஏத்துனாத்தான் கம்பெனியில ஸ்கிரீனை மாத்த உடுவாங்க. இல்லீனா 'பழுது எதுவும் இல்லை'ன்னு போட்டுட்டுக் கெளம்ப வேண்டியதுதானுங்க."

அவர் திரும்பி இன்னொரு நாள் வருவதற்குள் வாரண்டி முடிந்துவிடும். என் முகத்தைப் பார்த்தாரோ, இத்தனை வளைவுகளை மறுபடி ஏறுவதை நினைத்தாரோ, "சரி, கொஞ்ச நேரம் பாக்கலாமுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

விஷயம் கேள்விப்பட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். எஸ்டேட்டில் வேலை. அன்று லீவு. வந்ததுமே வழி சொன்னார்.

"பிரிட்ஜுக்குள்ள வெச்சுப் பாரு கண்ணு. குளிர்தான வேணும்?"

மெக்கானிக் பதறி எழுந்துவிட்டார். "ஐயோ அக்கா, உள்ள தண்ணி கோத்துக்கும். அப்புறம் வாரண்டியே கெடையாதுங்க."

மூவரும் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிட்டோம். சேலத்தில் சூட்டினால் கெட்டுப்போனதைத்தான் பார்த்திருக்கிறேன், குளிருக்காகக் காத்திருப்பது இதுதான் முதல் தடவை என்று சொல்லிக்கொண்டே அவர் இரண்டாம் முறை குழம்பு வாங்கினார். சாப்பிட்டதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மர நிழலுக்குப் போனோம். ஸ்டூலில் அதை வைத்துவிட்டு எதிரே வரிசையாக உட்கார்ந்தோம். அந்த வழியாகப் போன எஸ்டேட் சூப்பர்வைசர் ஒருவர், "என்ன படமுங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நாலு மணி வாக்கில் பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்தது. முதலில் கீழ்வரிசைக் காபிச் செடிகள் மறைந்தன, பிறகு வேலி. மெல்லிய சட்டையோடு வந்திருந்த மெக்கானிக் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். ஸ்கிரீனின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு எட்டிப் பார்த்தது.

"வந்துருச்சு சாமி!" என்று அக்கா கத்தினார்.

விறைத்த விரலால் மெக்கானிக் போனைத் திறப்பதற்குள் கோடு போய்விட்டது. மூவரும் மூச்சைக்கூட மெதுவாக விட்டோம். கிரிக்கெட்டில் கடைசி ஓவருக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை. திடீரென்று ஒன்று, மூன்று, அப்புறம் ஸ்கிரீன் முழுக்க ஜன்னல் கம்பி போலக் கோடுகள். அக்கா கைதட்ட, அவர் சளைக்காமல் படமாக எடுத்துத் தள்ளினார். என் சொந்தப் பொருள் கெட்டுப்போனதற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

படத்தை அனுப்ப சிக்னல் இல்லை. அவர் மேட்டுக்கு ஓடி, ரோட்டு வளைவில் போனை உயர்த்திப் பிடித்து அனுப்பிவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். பிறகு சமையலறை மேஜையில் வேலை மளமளவென்று நடந்தது. பிளாஸ்டிக் தகட்டால் ஓரத்தை நெம்பி, பழைய ஸ்கிரீனைக் கழற்றி, புதியதை மாட்டினார். சிதறாமல் இருக்கத் திருகாணிகளை அக்கா உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று காபியைச் சூடாகவே குடித்துவிட்டு மெக்கானிக் கிளம்பினார். "நொம்பத் தேங்க்ஸுங்க" என்றேன். "சாப்பாட்டுக்கு நாந்தானுங்க சொல்லணும்" என்றார். அடிவாரம் சேர்ந்ததும் போன் செய்யச் சொன்னேன். செய்தார். கீழே வேர்க்கிறது என்றார்.

மறுநாள் காலையில் நல்ல பனி. எஸ்டேட்டுக்குப் போகும் வழியில் அக்கா எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, "தொற கண்ணு, பாக்கலாம்" என்றார். திறந்தேன். ஸ்கிரீன் வெள்ளை வெளேரென்று இருந்தது. முன்னாலும் பக்கவாட்டிலும் குனிந்து நன்றாகத் தேடினார்.

"ஒரு கோடுகூட இல்லியே," என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.