ஹாஸ்டல் மிஷின் சுத்தாத திங்கக்கெழம

கருகின ரப்பர் வாசம்... அதுக்கு மேல பினாயில் வாசம். ஏற்காட்டுல நான் மொதமொதல்ல வேலைக்குச் சேர்ந்த ஹாஸ்டல நெனச்சா இப்பவும் மூக்குல வர்றது அதுதான்.

தொண்ணூறுக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். பொண்ணுங்க ஹாஸ்டல்ல நான் அசிஸ்டென்ட் வார்டன். பேருதான் அப்படி... போன் எடுக்கறது, மாத்திரை குடுக்கறது, ஜன்னல் சாத்தறது எல்லாம் நாந்தான்.

ஐப்பசி மழை. அந்த வாரம் பாதிப் புள்ளைங்களுக்கு வாந்தி, பேதி. பெட்ஷீட்டெல்லாம் குமிஞ்சு கெடக்குது. திங்கக்கெழம காலைல வாஷிங் மிஷினப் போட்டா, உர்ருனு மோட்டார் சத்தம் வருது... டிரம் மட்டும் சுத்தல.

யாரோ வெளிநாட்டுக்காரங்க சர்ச் மூலமா குடுத்த பழைய பெரிய மிஷின். அது வந்ததும் துணி தொவைக்கற ரெண்டு பேர்ல ஒருத்தர நிறுத்திட்டாங்க. மிச்சம் இருந்தது மஞ்சக்குட்டை ஊர்லேர்ந்து வர்ற பாவாயியக்கா.

மேட்ரன் மிஸ் வந்து பாத்தாங்க. நல்லவங்கதான். ஆனா சரியா தூங்கிப் பல நாளாச்சு. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க.

"பாவாயி, நீதான் என்னமோ பண்ணியிருக்கற. வந்த நாள்லேர்ந்தே உனக்கு இந்த மிஷினக் கண்டா ஆகல."

"ஏனுங் மிஸ்... நேத்து பூரா நான் ஊட்டுலதானுங்க இருந்தேன். இப்பத்தான வர்றனுங்க."

"அப்ப அதுக்கு முந்தின நாள் பண்ணியிருப்ப. சாயங்காலம் கரெஸ்பான்டென்ட் வரட்டும், பேசிக்கலாம்."

அப்படின்னா வேலை போச்சுன்னு அர்த்தம், எங க எல்லாத்துக்கும் தெரியும். அக்கா முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு அங்கயே நின்னாங்க.

சேலத்து மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். மலை ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்குது, இன்னொரு ரோடு குப்பனூர் வழியும் அடைப்பு, வர முடியாதுன்னார். "லைன்லயே இருங்க, சொல்லச் சொல்லச் செஞ்சு பாக்கலாம்."

போன் மேல ஆபீஸ்ல. மிஷின் கீழ தகரக் கொட்டாய்ல. ரிசீவரோட நான், வராண்டா முக்குல சமையல்கார ஆரோக்கியண்ணன், மிஷின்கிட்ட பாவாயியக்கா. தகரத்து மேல மழை வேற...

"மொதல்ல பிளக்கப் புடுங்கச் சொல்லுங்க."

நான் அப்படியே கத்தினேன். அண்ணன் கீழ பாத்து, "வெளக்க அணைக்கச் சொல்றாங்க!"

"வெளக்க அணைச்சா ஒண்ணுமே தெரியாதுங்ணா!"

அத நேராக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு. அப்பறம் மெக்கானிக், "டிரம்ம கையால சுத்திப் பாக்கச் சொல்லுங்க. இறுக்கமா இருக்குதா, லேசா சுத்துதா?"

பதில் மேல வந்துச்சு. "காத்தாடியாட்டம் சுத்துதாம்!"

"அப்ப பெல்ட்டு கழண்டிருக்கும். கடைசியா என்ன துணிங்க போட்டீங்க?"

சரியா அந்த நேரம் மேட்ரன் மிஸ் குளுகோஸ் எடுக்க உள்ள வந்தாங்க. அவங்களையே கேட்டேன்.

"கம்பளி... நேத்து சாயங்காலம். புள்ளைங்க வாந்தி எடுத்தது அத்தனையும் ஒண்ணாப் போட்டுட்டேன். நாந்தான்."

மெக்கானிக்குக்கே கேட்டிருச்சு. "கம்பளிங்களா? தண்ணி குடிச்சா கல்லாட்டம் கனக்குமுங்களே, பெல்ட்டு எப்படித் தாங்கும்..."

மிஸ் குளுகோஸ் டப்பாவ மேசமேல வெச்சாங்க. கொடை கூட எடுக்காம இறங்கிப் போனாங்க. லைன்ல இருங்கன்னுட்டு நானும் பின்னாடியே ஓடினேன்.

"பாவாயி... நான் போட்ட கம்பளியாலதான். உன்னையச் சொன்னது தப்பு."

ஆரோக்கியண்ணனும் இருந்தார், நானும் இருந்தேன். அதான் முக்கியம்.

அக்கா திரும்பியே பாக்கல. "அதெல்லாம் இருக்கட்டுங் மிஸ். மொதல்ல இதப் பாருங்க... புள்ளைங்க ஈரத்துல கெடக்குதுங்க."

பின்மூடியக் கழட்டினா, பெல்ட் கருகின வாசத்தோட தரைல சுருண்டு கெடக்குது. மேல ஓடி மெக்கானிக்கக் கேட்டு வந்தேன்... மோட்டார்ல இருக்கற சின்னச் சக்கரத்துல மொதல்ல மாட்டி, டிரம்மோட பெரிய சக்கரத்தச் சுத்திக்கிட்டே ஏத்தணுமாம், சைக்கிள் செயின் மாதிரி. மிஸ் சுத்த, அக்கா பெல்ட்ட அழுத்திப் புடிக்க, ரெண்டு மூணு தடவ நழுவி, ரெண்டு பேர் கையும் கருப்பாகி... ஏறிக்கிச்சு. பிளக் மாட்டி சுவிட்சப் போட்டா, டிரம் சுத்துது... எல்லாரும் ஓன்னு கத்திட்டோம்.

போனுக்குத் திரும்பி வந்தா மனுசன் இன்னும் லைன்ல இருக்கார். "நீங்க போட்ட சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சுங்க"ன்னார்.

சாயங்காலம் உள்ளூர் சர்ச்லேர்ந்து கரெஸ்பான்டென்ட் வந்தப்ப மிஸ் பேசினது புள்ளைங்க ஒடம்பப் பத்தி மட்டுந்தான். அதுக்கப்பறமும் அவங்க ரெண்டு பேரும் நொம்ப ஒட்டிக்கிட்டாங்கன்னெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா கம்பளின்னா கையாலதான். ஒரு முனைய அக்கா புடிக்க, மறு முனைய மிஸ் புடிச்சு முறுக்குவாங்க.

இப்ப எங்க ஊட்டு மிஷின் நின்னா, எழுத்தும் நம்பருமா என்னமோ காட்டுது. போன மாசம் நின்னுச்சு. கம்பெனிக்குப் போன் போட்டா, ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு ஒரு ரெக்கார்டு குரல். மறுநாள் ஒரு தம்பி வந்தார், உள்ள இருந்த சர்க்யூட் போர்ட மாத்தினார், போட்டோ எடுத்துக்கிட்டார், போயிட்டார். சுத்தமான வேல. குறை சொல்ல ஒண்ணுமில்ல.

யாரும் யாரையும் சந்தேகப்படல...

யாரும் யாருக்காகவும் மழைல எறங்கி ஓடவும் இல்ல.