கல்லில் நாற்பத்து மூன்று பூக்கள்

முதலில் இரண்டுதான் இருந்தன. ஒன்று கல்லின் மேற்பக்கக் குழியில். மற்றது தொட்டிக் கண்ணாடியை ஒட்டிய பக்கத்தில். ஓர் அங்குல உயரம்கூட இல்லை. மெல்லிய பழுப்புத் தண்டு, உச்சியில் மயிர் போன்ற கைகள். விரித்து நின்றால் பூ. விரலைக் கிட்டக் கொண்டுபோனால் சுருங்கி வெறும் கறை. அவற்றை அன்றைக்கே அப்படியே விட்டிருக்கலாம்.

கல் வந்ததற்குக் காரணம் என் மனைவியின் கால். சென்ற ஆண்டு நீரிழிவு என்னும் சீனி வருத்தத்தால் அவளுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அவள் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். கலியாணம் முடித்துக் கண்டாவளைக்கு வந்த பிறகும் மாதம் ஒரு தடவையாவது கடலைப் பார்க்காமல் இருந்ததில்லை. கால் போன பிறகு ஒரு தடவைகூடப் போகவில்லை. கூப்பிட்டால், “ஒத்தைக் காலோடை அந்த மணலுக்குள்ள போய் நிக்கவோ?” என்பாள். சோற்றையும் குறைத்துக்கொண்டாள். சீனிக்கு ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிடந்தால் உடம்பில் சீனி ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும். இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் நான்தான் சீனியைக் கரைத்து வாயில் ஊற்றினேன். மூன்றாவது தடவை நான் வீட்டில் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதே எனக்கு நாள் முழுவதும் யோசனை.

இதைக் கேள்விப்பட்ட அவளுடைய தம்பி ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான். அவன் கடலட்டை பிடிக்கச் சுழியோடுகிறவன். முன்பு சில காலம் அலங்கார மீன் வாங்கும் வியாபாரிகளுக்கும் மீன் பிடித்துக் கொடுத்தவன். கூடவே பன்னிரண்டு பிளாஸ்டிக் கான் கடல்தண்ணீர், வெள்ளைப் பட்டை போட்ட செம்மஞ்சள் மீன்கள் இரண்டு, தண்ணீருக்குள் காற்று ஊதும் ஒரு மோட்டர், ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கல்.

“உது வெறும் கல்லில்லை, அத்தான். வலையிலை ஏறின உயிருள்ள கல்லு. உதுக்குள்ள கிடக்கிற சீவனுகள்தான் தண்ணியைச் சுத்தமா வைச்சிருக்கிறது. கழுவுறன் துடைக்கிறன் எண்டு வெளிக்கிடாதேங்கோ.”

மீன்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டு அவளும் தின்னத் தொடங்கினாள். எத்தனை வாய் என்று நான் எண்ணினேன். முதல் நாள் ஒன்பது வாய், பிறகு பதினான்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபத்தொரு வாய். முப்பத்தொரு வருடம் குளத்து நீர்மட்டத்தைக் காலையும் மாலையும் அடி, அங்குலமாக எழுதிய ஆள் நான். எண்ணாமல் எதையும் பார்க்கத் தெரியாது.

கல்லிலிருந்து முதல் வாரத்தில் மூன்று நண்டுகளும் முள்ளுள்ள ஒரு புழுவும் வெளியே வந்தன. சாவணம் என்கிற சிறு இடுக்கியால் பிடித்து எடுத்தேன். புழுவின் முள் விரலில் ஏறி நான்கு நாட்கள் கடுத்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் பூக்கள். சிறிய மீன் ஒரு நாள் அதில் உரசிவிட்டு, சுட்டதுபோல் துள்ளி விலகியது. தீனி விழும் பக்கத்துக்கே பிறகு அது வரவில்லை.

“அது தின்னேல்லை. எனக்கென்ன சோறு?” என்று மனைவி சோற்றுக் கோப்பையைத் தள்ளினாள்.

எனக்கு இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. கோரையை எப்படிப் பிடுங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மேலே கிள்ளினால் திரும்ப வரும். அடியில் பிடித்து, வேரோடு, ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டும். களை பிடுங்க வருகிற பெண்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே கெட்ட பெயர் எடுத்தவன் நான். அந்த இரண்டையும் அப்படித்தான் பிடுங்கினேன். சாவணத்தோடு துண்டு துண்டாக வந்தன. கல்லில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினேன். தண்ணீர் கொஞ்சம் கலங்கித் தெளிந்தது.

மூன்று வாரம் கழித்துப் பதினொன்று நின்றன. பதினொன்றையும் பிடுங்கினேன். அடுத்த மாதம் நாற்பத்து மூன்று. கல்லில் மட்டுமல்ல, காற்று மோட்டரின் குழாயிலும், கண்ணாடியின் மூலையிலும்.

மைத்துனன் வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். நான் செய்ததை எல்லாம் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“அக்கா, இவர் களை பிடுங்கேல்லை. நாத்தெல்லோ நட்டிருக்கிறார்! அத்தான், உது செடியில்லை, கடல் சீவன். கிழிஞ்ச ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பூவா வரும். விதைநெல்லும் இல்லை, பசளையும் இல்லை, என்ன விளைச்சல் பாருங்கோவன்!”

மனைவியும் சிரித்தாள். கால் எடுத்த பிறகு அவள் அப்படிச் சிரித்ததை நான் கேட்டதில்லை. அதனால் எனக்குக் கோபம் வரவில்லை.

மருந்தும் அவனே சொன்னான். வெற்றிலைக்குப் பூசுகிற சுண்ணாம்பைக் கூழாகக் கரைத்து, ஊசியில் ஏற்றி, பூவின் நடுவில் இருக்கும் வாய்க்குள் விட வேண்டும். “ஒரு நாளைக்கு நாலு. அதுக்கு மேலை வேண்டாம். சுண்ணாம்பு கூடினா மீன் தாங்காது.” போகும்போது வாசலில் நின்றும் சொன்னான்: “நாலு, அத்தான்.”

மனைவிக்குப் போட்டுக் கழித்த ஊசிகளையே எடுத்தேன்.

“எனக்குக் குத்திப் பழகினது காணாதெண்டு இப்ப அதுகளுக்கோ?” என்றாள்.

முதல் நாள் நான்கு. சுண்ணாம்பு போன இடத்தில் பூ வெளுத்துச் சுருண்டு கரைந்தது. இரண்டாம் நாள் நான்கு. மூன்றாம் நாள் காலை எண்ணினால் முப்பத்தொன்பது. முப்பத்தைந்து இருக்க வேண்டும். பழைய துண்டுகளிலிருந்து புதிதாக நான்கு வந்திருந்தன. இப்படிப் போனால் எத்தனை நாள் செல்லும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டேன். விடை எனக்குப் பிடிக்கவில்லை. அன்று பத்தொன்பது பூக்களுக்கு ஊசி போட்டேன். அவசரத்தில் பாதிச் சுண்ணாம்பு வெளியே போயிருக்கும். தொட்டி பால் போல் வெளுத்தது. இரண்டு மணிக்குப் பெரிய மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மிச்சமிருந்த இரண்டு கான் கடல்தண்ணீரையும் ஊற்றினேன். நாலரைக்கு அது பக்கவாட்டில் சரிந்தது.

மனைவி கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மீனை மா அரிக்கும் அரிதட்டால் எடுத்தபோது, “எண்ணி முடிச்சிட்டியளோ?” என்று கேட்டாள்.

அடுத்த நாள் ஐந்து வாய். அதற்கடுத்த நாள் மூன்று. அவளுடைய ஊசியின் அளவைக் குறைக்கலாமா என்று கிளினிக்கில் கேட்டேன். குறைத்தார்கள், ஆனால் சாப்பிடத்தான் வேண்டும் என்றார்கள். மூன்றாம் நாள் அவளே தம்பிக்குப் போன் எடுத்தாள்.

“மற்றதையும் இவர் கொல்ல முதல் வந்து கொண்டுபோ. கடலிலை விடு.”

அவன் மோட்டார் சைக்கிளில் வந்தான். மீன் வந்த கானிலேயே மீன் போனது. பின்னேரம் நான் போன் எடுத்துக் கேட்டேன். “விட்டிட்டன், அத்தான். ஓடிட்டுது,” என்றான். சாதாரணமாக அவன் ஒரு கதையைத் தொடங்கினால் கால்மணி நேரம் செல்லும். அன்று அதோடு போனை வைத்துவிட்டான். மனைவியிடம், நன்றாக ஓடியதாம் என்று சொன்னேன்.

மீனில்லாத தொட்டி எதற்கு? கல்லை வெயிலில் போட்டுக் காயவிடலாம் என்று சட்டைக் கையை மடித்தேன்.

“கல்லிலை கை வையாதேங்கோ.”

“இதுக்குள்ள இனி என்ன இருக்கு?”

“உங்களுக்குத்தானே தெரியும், எத்தினை இருக்கெண்டு.”

இருபத்தேழு இருந்தன. சுண்ணாம்புக்குத் தப்பியவை கைகளை விரித்து அசைந்துகொண்டு நின்றன. மோட்டரை நிறுத்தவில்லை.

நேற்று மத்தியானம் இறால் குழம்பு வைப்பதற்காக இறால் உரித்தேன். சோற்றைக் குழைத்து அவள் முன்னால் கொண்டுபோனபோது அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் சாப்பிடுமன்.”

“அதுகளுக்கு ஏதும் போட்டனீங்களோ?”

குசினிக்குத் திரும்பிப் போய்ப் பச்சை இறால் ஒன்றைச் சிறிதாக வெட்டி எடுத்து வந்தேன். சாவண நுனியில் ஒவ்வொரு துண்டாகக் கொடுத்தேன். பூக்கள் அதைப் பிடித்து, கைகளை மடித்து, உள்ளே இழுத்துக்கொண்டன. பெருகும் என்று தெரிந்தே கொடுத்தேன்.

“அந்த மூலையிலை நிக்கிறதுக்குக் கிடைக்கேல்லை,” என்றாள்.

அதற்கும் கொடுத்தேன். அது இழுத்து மூடும் வரை பார்த்துவிட்டு அவள் வாயைத் திறந்தாள். நான்கு வாய் தின்றாள். ஐந்தாவதற்கு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.