மைக் டெஸ்ட் என்று சொன்ன மத்தியானம்

திண்டிவனத்தில் அந்தக் காலை பாசஞ்சர் நின்றதும் முதலில் பெட்டி ஏறும், பிறகுதான் ஆள் ஏறுவார். விழுப்புரத்திலேயே ஏறி இடம் பிடித்துவிட்ட நான், மயிலம் தாண்டியதும் எழுந்து போய்க் கதவருகே நின்றுகொள்வேன். கிட்டார் இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியை அவர் பிளாட்பாரத்திலிருந்து இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் நீட்டுவார். "புடிச்சிக்கினியா?" என்று கேட்பார். "புடிச்சிக்கினேண்ணா" என்று நான் சொன்ன பிறகுதான் கையை எடுப்பார். வேறு யாரிடமும் அதைக் கொடுக்கமாட்டார். கூடவே வரும் ஆபீஸ்காரர்கள் "ஏன், நாங்கன்னா கீழ போட்டுடுவோமா?" என்று கிண்டல் பண்ணுவார்கள். "அவன்தான்யா வாத்தியம் வாசிக்கிறவன், அவனுக்குத்தான் தெரியும்" என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும். எத்தனையோ விஷயம் மறந்துபோன எனக்கு இந்த வாக்கியம் மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது.

நாங்கள் எல்லாரும் அவரைக் கிட்டார் அண்ணன் என்றே கூப்பிட்டோம். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். சென்னையில் சினிமாப் பாட்டுகளும் விளம்பரங்களும் பதிவாகிற ஸ்டுடியோக்களில் கூலிக்கு வாசிக்கிறவர். நான் கீபோர்டு. முந்தின நாள் சாயந்தரம் போன் வரும், மறுநாள் காலை போய் உட்காருவோம், எழுதிக் கொடுத்த நோட்ஸைப் பார்த்து வாசிப்போம், திரும்பி வருவோம். பாட்டு யாருடையது, எந்தப் படம் என்பதெல்லாம் சமயத்தில் டீக்கடையில் கேட்கும்போதுதான் தெரியும். கேசட் மூடியில் எங்கள் பெயர் இருக்காது. அது பற்றி அண்ணனுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவருக்கு இருந்த வருத்தம் வேறு. அவர் மனசு முழுக்க ஜாஸ். சனிக்கிழமை சாயந்தரங்களில் ஒரு பெரிய ஹோட்டலில் மூன்று பேராகச் சேர்ந்து ஜாஸ் வாசித்தார்கள். மற்ற ஆறு நாளும் அவர் வாசித்ததெல்லாம் அதற்காகத்தான் என்று சொல்லவேண்டும். திண்டிவனத்தில் அவர் தெருவில் அந்த வார்த்தையைக் கேள்விப்பட்டவர் அவர் மனைவி ஒருத்தர்தான். அதுவும் கல்யாணத்துக்கு அப்புறம்.

ஜாஸ் என்றால் என்னதான் அண்ணா என்று ஒருநாள் ரயிலில் கேட்டேன். "பாட்டுன்னா ரோடுடா. எல்லாரும் ரோட்டு மேலயே போவாங்க. நாம கீழ எறங்கணும். வரப்புல பூந்து, கரும்புத் தோட்டமெல்லாம் சுத்திப்புட்டு, கரெக்டா அடுத்த ஸ்டாப்புல பஸ்ஸு வர்றதுக்கு முன்ன போய் நிக்கணும்" என்றார். சொன்னதோடு விடாமல் பெட்டியைத் திறந்து வாசித்தும் காட்டினார். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டை எடுத்து, பாதியில் எங்கேயோ இறங்கிப் போனார். தாளத்தை மட்டும் கால் கட்டைவிரல் போட்டுக்கொண்டிருந்தது. போனவர் வரவே மாட்டாரோ என்று எனக்குப் பதற்றமாகிவிட்டது. சரியான இடத்தில் வந்து சேர்ந்தார். வேகவைத்த மல்லாட்டைக் கடலை விற்றுக்கொண்டு வந்த ஒரு அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர், "எங்கியோ போயிட்டு வந்துச்சேப்பா பாட்டு" என்றார். அண்ணன் பூரித்துப்போனார். அந்த வாரம் முழுக்க, பெரிய சங்கீத விமர்சகர் பாராட்டினமாதிரி அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஸ்டுடியோவில் அப்படி இறங்கிப் போக விடமாட்டார்கள். எழுதினதற்கு மேல் ஒரு சுரம் சேர்ந்தால் வாத்தியக்காரர்களை நடத்துகிற கண்டக்டர் கையைத் தூக்கிவிடுவார். ஆனாலும் அண்ணனால் சும்மா இருக்க முடியாது. சாதாரணமாக மூன்று சுரம் சேர்த்து அடிக்கவேண்டிய இடத்தில் நாலாவதாக ஒன்றை நைசாக உள்ளே தள்ளுவார். பத்தில் ஒன்பது தடவை மாட்டிக்கொள்வார். ஒரே ஒரு முறை, ஒரு பாட்டின் நடுவே எட்டே எட்டு தாளக்கட்டு அவர் இஷ்டத்துக்கு வாசித்ததை, இசையமைப்பாளர் கேட்டுச் சிரித்துவிட்டு, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அன்று திரும்பி வரும்போது ரயிலில் அந்த எட்டையே தொடையில் தட்டிக்கொண்டு வந்தார். திண்டிவனத்தில் இறங்கி, பெட்டியை வாங்கிக்கொண்டபோது, "டேய், இனிமே நான் செத்தாலும் அந்த எட்டு இருக்கும்டா" என்றார். ஒரு மனுஷனுக்கு உலகத்தில் தன்னுடையது என்று என்ன மிஞ்சவேண்டும் என்பதில் இவ்வளவு சின்ன ஆசை இருக்கமுடியுமா என்று அப்போது நினைத்தேன். அது சின்ன ஆசையே இல்லை. எனக்குத்தான் புரியவில்லை.

இனி நான் பண்ணினதைச் சொல்லவேண்டும். அந்தச் சமயத்தில்தான் புதுவகைக் கீபோர்டுகள் வந்தன. எந்த வாத்தியத்தின் சத்தத்தையும் ஒவ்வொரு சுரமாகப் பதிவு செய்து உள்ளே ஏற்றிவிட்டால் போதும், அப்புறம் அந்த வாத்தியக்காரர் தேவையில்லை, கட்டையை அமுக்கினால் அவர் வாசிக்கிறமாதிரியே வரும். இதை வாத்தியக்காரர்கள் வயிறெரிந்து பேசிக்கொண்டிருந்த நேரம் அது. கேட்டால் யாரும் சம்மதிக்கமாட்டார்கள். அதனால் நான் கேட்கவில்லை. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் போயிருந்தபோது, "புது மைக் வந்திருக்குண்ணா, டெஸ்ட் பண்ணணும், கொஞ்சம் வாசிக்கிறியா" என்று அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கீழ்ச் சுரத்திலிருந்து உச்சி வரைக்கும் ஒவ்வொன்றாக. மெதுவாக ஒருதரம், அழுத்தி ஒருதரம். ஒவ்வொரு சத்தமும் தானாக அடங்குகிறவரை மூச்சைக் கூட அடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். சோற்றைக் கட்டிக்கொண்டு வந்தவர் சாப்பிடவே இல்லை. ஒன்றரை மணி நேரம். முடிந்ததும், "இன்னாடா, நல்லா கேக்குதா மைக்கு?" என்றார். "சூப்பரா கேக்குதுண்ணா" என்றேன்.

அவ்வளவு அனுபவமுள்ள ஆளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று பிற்பாடு பல தடவை எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் பேத்தல். நான் சொன்னேன், அவர் நம்பினார், அவ்வளவுதான்.

முதல் தடவை அதைப் பயன்படுத்தியபோது ஒரு சாக்கு இருந்தது. விளம்பரப் பாட்டு ஒன்றுக்கு அவசரமாகக் கிட்டார் தேவைப்பட்டது, அண்ணன் ஊரில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். "நானே போட்டுடறேன் சார்" என்றேன். இரண்டாவது தடவைக்குச் சாக்கு தேவைப்படவில்லை. இசையமைப்பாளர்களுக்கும் வேலை சுளுவாகிவிட்டது. எங்கே கிடைத்தது இந்தச் சத்தம், இவ்வளவு உயிரோட்டமாக இருக்கிறதே என்று கேட்பார்கள். நானே பண்ணினது என்பேன். அந்தப் பாராட்டு எனக்குப் போதை ஏற்றியது. விழுப்புரத்தில் கீபோர்டு ரிப்பேர் கடை வைத்திருந்த நண்பன் கேட்டதும் ஒரு காப்பி போட்டுக் கொடுத்தேன். அவன் தன்னிடம் வந்தவர்களுக்கெல்லாம் ஏற்றிவிட்டான். கல்யாணக் கச்சேரிக் குழு, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எங்கே பார்த்தாலும் அண்ணன் ஒலிக்க ஆரம்பித்தார். அண்ணனுக்கு வரும் போன் மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

ஒருநாள் ரயிலில் ஜன்னலைப் பார்த்தபடி, "இப்பல்லாம் பாட்டுல கிட்டாரே வக்கிறதில்லியாடா?" என்று கேட்டார். அன்றைக்கு என் பையில் அவர் சத்தத்தைப் பதிந்து வைத்த பிளாப்பித் தகடுகள் இருந்தன. சொல்லியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். "ட்ரெண்டு மாறிப்போச்சுண்ணா" என்றேன். "அப்டியா" என்று கேட்டுக்கொண்டார். அப்புறம் வாரத்தில் ஒருநாள் வந்தார், மாதத்தில் ஒருநாள் வந்தார், பிறகு திண்டிவனத்தில் ரயில் நிற்கும்போது நான் கதவருகே போய் நிற்பதையும் விட்டுவிட்டேன். ஹோட்டலில் ஜாஸை எடுத்துவிட்டுப் பாட்டுப் பெட்டி வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். விக்கிரவாண்டி, அனந்தபுரம் என்று மண்டபங்களில் கல்யாண வரவேற்புக்கு வாசித்துக்கொண்டிருந்தார். அதுவும் நின்றது. நான் போய்ப் பார்க்கவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். பயம் என்பதுதான் உண்மை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணியிடமிருந்து போன் வந்தது. "அண்ணனுக்குக் கையி கால் இழுத்துகினு ஆறு மாசம் ஆவுது தம்பி. உன்னப் பாக்கணும்னு சொல்லிக்கினே கீறாரு" என்றார். மறுநாளே போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கம்பியை அழுத்துகிற இடது கை மடியில் கிடந்தது. பேச்சு குழறினாலும் புரிந்தது. நலம் விசாரித்து முடிந்ததும் எனக்கு வேறு வழி தெரியவில்லை. அண்ணியும் பக்கத்தில் இருக்கும்போதே, மைக் டெஸ்ட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுதேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "தெரியும்டா" என்றார். "வளவனூரு பக்கம் ஒரு டீக்கடையில, பிஸ்கோத்து விளம்பரம். ரெண்டு நோட்டுலயே தெரிஞ்சிபோச்சு. அதுக்கப்புறமும் உங்கூட ட்ரெயின்ல வந்துகினுதான் இருந்தேன். நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

பாட்டில் கிட்டாரே வைப்பதில்லையா என்று அன்றைக்கு ரயிலில் அவர் கேட்டது எதற்காக என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்த்திருக்கிறார். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். திட்டுவார், சபிப்பார் என்று காத்திருந்தேன். அவர் பேசியது வேறு. "பொழப்பு போனது போவட்டும். அன்னிக்கு என் கம்பி பழசுடா. மாசக்கணக்கா மாத்தல, ஓசை செத்துப்போயி கெடந்துச்சு. மைக்குக்குத்தானேன்னு வாசிச்சேன். நீ நெசத்தச் சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன். ஆனா வாசிச்சிருந்தா புதுக் கம்பி போட்டுகினு வாசிச்சிருப்பேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அதுவுமில்லாம, ஒண்ணொண்ணா பிச்சிப் பிச்சி வச்சா அது நானாடா? ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குப் போறதுலதான்டா நான் கீறேன். நான் உசுரோட இருக்கறப்பவே அது அழிஞ்சிபோவணும். அத அழிச்சிடு."

அவர் வாழ்க்கையில் என்னிடம் கேட்ட ஒரே காரியம் அது. அந்தச் சத்தம் எத்தனை பெட்டிகளில், எத்தனை பென்டிரைவ்களில், எந்தெந்த ஊரில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஊர் முழுக்கத் தெளித்த தண்ணீரை எப்படிப் பொறுக்குவது? முடியாதுண்ணா என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு, "அழிச்சிடறேண்ணா" என்றேன். விழுப்புரம் வந்ததும் என்னிடம் இருந்ததை அழித்தேன். அது மட்டும் நிஜம். ரிப்பேர் கடை நண்பனைக் கேட்டேன், அவன் சிரித்தான். மறுவாரம் அண்ணிக்குப் போன் போட்டு, அண்ணன் காதில் வைக்கச் சொல்லி, "மொத்தமா அழிச்சிட்டேண்ணா, இனிமே எங்கியும் கெடையாது" என்று சொன்னேன். அந்தப் பக்கம் அவர் அண்ணியிடம், "அழிச்சிட்டானாம்" என்று சொல்வது கேட்டது. நிம்மதியாகச் சொன்னார். அன்று முழுக்க, நல்லதுதான் செய்தேன் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஒன்றரை மாதத்தில் போய்விட்டார். வீட்டு ஜெபம் முடிந்து வேதக்கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். திண்டிவனத்து வெயிலில் கூட்டம் அதிகமில்லை. சென்னையிலிருந்து பழைய வாத்தியக்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் பெண்கள் வரிசைக்குப் பின்னால், அண்ணிக்கு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டேன். பாட்டுக்கு எழுந்திருக்கச் சொன்னார் போதகர். கோயிலில் கீபோர்டு வாசிப்பவர், இறந்தவர் கிட்டார்காரராச்சே, இன்றைக்கு அந்தச் சத்தத்திலேயே வாசிப்போம் என்று நினைத்திருக்கவேண்டும். நல்ல மனசோடுதான் பட்டனை அமுக்கியிருப்பார்.

முதல் சுரமே அவருடையது. ஒவ்வொன்றாக வெட்டி ஏற்றினவன் நான், எனக்குத் தெரியாதா? பழைய கம்பியின் அந்த மங்கின ஓசை. பிச்சிப் பிச்சி வைத்த சத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அவர் கிடந்த பெட்டிக்கு மேலேயே வந்து விழுந்துகொண்டிருந்தன.

முந்தானையால் முகத்தை மூடியிருந்த அண்ணி தலையைத் தூக்கினார். கீபோர்டைப் பார்த்தார். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார். அழுகை நின்றுபோயிருந்தது. பாட்டுச் சத்தத்துக்கு நடுவே எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி, "அழிச்சிட்டேன்னு சொன்னியே தம்பி" என்றார்.

பாட்டில் இன்னும் மூன்று சரணம் பாக்கி இருந்தது.