வார்டுச் சுவரும் ஐந்தாம் மாடித் தனி அறையும்

எந்தச் சுவரைக் காட்டினாலும் “ரெண்டு கோட்டு போதும்ங்க” என்று சொல்வதால் அந்தப் பெயிண்டருக்கு ‘ரெண்டு கோட்டு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. முப்பது வருடமாக அடுத்தவர் சுவர்களின் அழுக்கை மறைப்பவர். அவர் சட்டை மட்டும் எதையும் மறைக்காது. மருத்துவக் காப்பீட்டுக்கு ஒன்பது வருடமாகத் தவணை தவறியதில்லை. பாலிசிப் புத்தகத்தைப் படித்தாரா என்றால், பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார்.

மனைவிக்கு நுரையீரலில் சீழ் கட்டி, ஆபரேஷன் என்றார்கள். பொது வார்டா, தனி அறையா என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. போன வருடம் அந்த வார்டுக்குப் பெயிண்ட் அடித்தவரே அவர்தான். சுவருக்குப் பின்னால் குழாய் கசிந்து, சுவரெல்லாம் பூஞ்சை. சுரண்டிக் காயவைத்துப் பூச இரண்டு வாரம் வேண்டும். மேனேஜர் கொடுத்தது மூன்று நாள். பூஞ்சையின் மேலேயே ரெண்டு கோட்டு ஏறியது. அந்தச் சுவரோரம் யார் வேண்டுமானாலும் படுக்கலாம், தன் மனைவி படுக்கக் கூடாது.

ஐந்தாம் மாடியில் தனி அறை எடுத்தார். நாளுக்கு எட்டாயிரம். அறைக்குக் காப்பீடு நாலாயிரம்தான் தரும் என்று கேள்விப்பட்டிருந்தார். மிச்ச நாலாயிரத்தைக் கைக்காசில் சமாளிக்கலாம் என்று இருந்தார்.

ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள் பில் கவுன்ட்டரிலிருந்து அழைப்பு வந்தது.

“கம்பெனி பாதிதான் அப்ரூவ் பண்ணிருக்கு சார். இதுவரைக்கும் உங்க பங்கு மூணு லட்சம்,” என்றாள் கவுன்ட்டர் பெண்.

“அறைக்குத்தானேம்மா பாதி?”

“அறை வரம்பைத் தாண்டிட்டா டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்ஸ் எல்லாத்தையும் அதே அளவுக்குக் குறைப்பாங்க. உங்க அறை ரெண்டு மடங்கு. அதனால எல்லாமே பாதி.”

“வார்டுல படுத்திருந்தாலும் இதே டாக்டர்தானே கீறியிருப்பாரு?”

“இதே டாக்டர்தான்.”

“இதே கத்திதானே?”

“உங்க கேள்வி நியாயம்தான் சார். பதில் பாலிசிப் புத்தகத்துல பதினேழாம் பக்கத்துல இருக்கு.”

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். சேமிப்பு ஒரு லட்சம். டாக்டர் இன்னும் ஐந்து நாள் இருக்கச் சொல்லியிருந்தார்.

“இப்ப வார்டுக்கு மாத்தினா?”

“இனிமே ஆகுறது குறையும். ஆனது ஆனதுதான் சார்.”

மாடியேறிப் போனார்.

“ஏங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?” என்றாள் மனைவி.

“உன்னக் கீழ வார்டுக்கு மாத்தலாம்னு பாக்குறேன்.”

“நீங்க அடிச்ச வார்டா? அப்ப ரெண்டு கோட்டுக்குக் கொறையாது.” சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, தையலைப் பிடித்துக்கொண்டாள்.

வார்டில் ஒரே ஒரு கட்டில்தான் காலி, அதுவும் அந்தச் சுவரோரம். சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பெயிண்ட் கொப்புளம்போல் அமுங்கியது. கட்டிலை ஒரு முழம் தள்ளிப் போட்டார்.

“வழிய மறைக்குது சார்,” என்றாள் நர்ஸ்.

“சுவரு ஈரமா இருக்கு சிஸ்டர்.”

“போன வருஷம்தானே பெயிண்ட் அடிச்சாங்க.”

“தெரியும்.”

நர்ஸ் ஒரு சாண் மட்டும் விட்டுக் கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் போனாள். மனைவியைக் கொண்டுவந்து படுக்க வைத்ததும், அந்த ஒரு சாணுக்குள் ரெண்டு கோட்டு நுழைந்து, கால்களைக் கட்டிலுக்கடியில் நீட்டி, முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்கார்ந்தார். மிச்ச இரண்டு லட்சத்துக்கு யாரைக் கேட்பது என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் முகங்கள் தீர்ந்துவிட்டன. சுவரின் ஈரத்தில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.